அச்சு ஒன்று, பறப்பு வேறு

டிஸ்க் கால்ஃப் ஆடுகிற யாரிடமாவது, "ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே எடை. அப்புறம் ஏன் பையில் மூன்று வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய மாலைப்பொழுது போயிற்று. என்னிடம் கேட்டாலும் அதே கதைதான். இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள மோகத்தில் சரிபாதி இந்தத் தட்டுகளின் மேல். உலோக அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி, ஆறவைத்து, எடுத்து அடுக்குகிறார்கள். ஆயிரம் தட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கையை விட்டுக் கிளம்பியதும் பாருங்கள்: ஒன்று கடைசிவரை நேரே போய் அப்படியே அமரும். அடுத்தது பாதி வழியிலேயே இடப்பக்கம் சாயத் தொடங்கிவிடும். இன்னொன்று வலப்பக்கம் சொகுசாக ஒரு வளைவு வளைந்துவிட்டுத் திரும்பி வரும். ஒரே அச்சில் பிறந்த மூன்று! இதைவிட எனக்குச் சந்தோஷம் தருகிற விஷயம் வேறெந்த விளையாட்டிலும் இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கால்ஃபின் விதிகள்தான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். அந்தக் கூடையை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். கலிஃபோர்னியாவில் பாசடீனாவை ஒட்டிய ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் மைதானத்தை அமைத்தவரும், 1976-ல் பிடிஜிஏ என்கிற தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். எனக்கு இது விசித்திரமாகவே தோன்றவில்லை. இந்தத் தட்டுகளைக் கையில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த ஆசை நன்றாகவே புரியும்.

ஆரம்பத்தில் எல்லோரும் வீசியது கடற்கரையில் விளையாடுகிற சாதாரண ஃபிரிஸ்பியைத்தான். 1983-ல் டேவ் டுனிபேஸ் ஈகிள் என்ற டிஸ்க்கின் விளிம்பைச் சரிவாகச் சீவியதுபோல வடிவமைத்தார். தட்டு காற்றை வெட்டிக்கொண்டு போக ஆரம்பித்தது. இன்னோவா கம்பெனி பிறந்ததும் அந்த விளிம்பிலிருந்துதான். இன்றைக்குக் கிட்டத்துக்குப் புட்டர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், நெடுந்தூரத்துக்கு ஃபேர்வே டிரைவர், டிஸ்டன்ஸ் டிரைவர் என்று இத்தனை வகை இருப்பதற்கும், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நாங்கள் உயிரை விடுவதற்கும் அந்தச் சரிவே மூலகாரணம்.

டிஸ்க்கின் முகத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், கிளைடு, டர்ன், ஃபேட். டீபேர்ட் என்ற மாடல் என்றால் 7, 5, 0, 2. லெப்பர்ட் என்றால் 6, 5, -2, 1. டிஸ்ட்ராயர் என்றால் 12, 5, -1, 3. முதல் எண், அந்தத் தட்டு தன் குணத்தைக் காட்டுவதற்கு எவ்வளவு வேகத்தில் வீச வேண்டும் என்பது. இரண்டாவது, காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. கடைசி இரண்டில்தான் உயிர் இருக்கிறது. வலது கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினால் தட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும். கிளம்பிய வேகத்தில் காற்று தூக்குகிற மையம் தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அது மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருள், அழுத்திய திசையில் சாயாமல் கால்வட்டம் தள்ளிச் சாயும். அதனால் மூக்கு கவிழாமல் தட்டு வலப்பக்கம் சாய்கிறது. அது டர்ன். வேகம் குறையக் குறைய அந்த மையம் முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். இப்போது இடப்பக்கம் சாயும். அது ஃபேட். ஒரு நல்ல வீச்சில் இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்து, எஸ் எழுத்தைப் படுக்கவைத்ததுபோல ஆகாயத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசே வராது.

இந்த எண்களை வைத்துத் தட்டு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் இவை அந்தந்தக் கம்பெனி தானே கொடுத்துக்கொள்வது. பிடிஜிஏ ஒவ்வொரு மாடலையும் அளந்து அனுமதி தருகிறது. குறுக்களவு, உயரம், விளிம்பின் ஆழம், தடிமன், வளைந்துகொடுக்கும் தன்மை எல்லாம் பார்ப்பார்கள். எடைக்குக்கூடக் கணக்கு உண்டு: குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 21.2 சென்டிமீட்டர் டிரைவர் என்றால் 176 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆனால் எப்படிப் பறக்கும் என்பதற்குச் சங்கம் எண் எதுவும் தருவதில்லை. ஆகவே முகத்தில் இருக்கும் எண் அந்தக் குடும்பத்தின் குணத்தைச் சொல்கிறது. கையில் இருக்கும் பிள்ளையின் குணத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் கொண்டாட்டமே தொடங்குகிறது.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. டிஸ்க் பைத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தட்டு வார்க்கும் டிஸ்கிராஃப்ட் கம்பெனி பக்கத்திலேயே விக்ஸமில் இருக்கிறது. இன்னொரு கம்பெனியான எம்விபி கொஞ்சம் வடக்கே மார்லெட்டில். கென்சிங்டன் பூங்காவில் பிளாக் லோகஸ்ட் மைதானம். பெரிய போட்டிக் காலத்தில் பனிச்சறுக்கு மேட்டில் கூடைகள் முளைக்கிற டொபாகன் மைதானம். ஹ்யூரான் ஆற்றங்கரையில் ஹட்சன் மில்ஸ் பூங்கா, அதில் 'மான்ஸ்டர்' என்று பெயருக்கேற்ற நீள மைதானம். இங்கே வார இறுதியில் டிஸ்க் பையோடு நடக்கிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சும்மா வாகனம் நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தட்டுகளை எடுத்து ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கூட்டமும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

பஸ்ஸ்ஸ் என்ற மிட்ரேஞ்ச்சை எடுத்துக்கொள்வோம். டிஸ்கிராஃப்ட்டின் தங்கப்பிள்ளை. 5, 4, -1, 1. உலகம் முழுக்க மிட்ரேஞ்ச் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். என் பையில் இருப்பவற்றில் ஒன்று நீலம், கண்ணாடிபோல ஒளி புகும் இசட் பிளாஸ்டிக், முதுகு சப்பட்டை. இன்னொன்று இளஞ்சிவப்பு, ஒளி புகாத இஎஸ்பி பிளாஸ்டிக், நடுவில் மெல்லிய மேடு. மூன்றாவது வெள்ளை, மரங்களில் மோதி மோதி விளிம்பெல்லாம் பஞ்சுபோல் சிலும்பியிருக்கும். பூங்காவின் திறந்த புல்வெளியில் காற்று ஓய்ந்த வேளையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் மூன்றையும் வரிசையாக வீச வேண்டும். நீலம் பிடிவாதக்காரன். நேராகப் போய், கடைசியில் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, தரையில் குத்தி நின்றுவிடும். இளஞ்சிவப்பு விழும் நேரத்தில் விழாமல் இன்னும் ஒரு மூச்சு மிதக்கும். நீலத்தைத் தாண்டி, அதற்கு வலப்பக்கமாக இறங்கும். வெள்ளை கிளம்பிய சில நொடிகளிலேயே வலப்பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே கடைசிவரை வழுக்கிக்கொண்டு போகும். நடந்து போய்ப் பொறுக்கும்போது மூன்றும் புல்லில் ஒரு முக்கோணமாகக் கிடக்கும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு காரைக் குறுக்காக நிறுத்தலாம்! முகத்தில் எழுதியிருக்கும் எண்களோ மூன்றிலும் ஒன்றுதான்.

ஏன் இப்படி? அதைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள எனக்கு ஆனந்தம் கூடிக்கொண்டே போகிறது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, நிறம் கலந்து, பலத்த அழுத்தத்தில் இரண்டு பாதிகளாகச் சேரும் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். தட்டின் நடுவில் சின்னதாக ஒரு புள்ளி தட்டுப்படுமே, பெரும்பாலும் அதுதான் பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல். உள்ளே போனது அடுத்த கணமே ஆறத் தொடங்கும். விளிம்பு தடிமன், நடுத்தட்டு மெல்லிசு. மெல்லிசு முதலில் ஆறிவிடும். தடித்த விளிம்பு நிதானமாக ஆறிக்கொண்டே சுருங்கி, ஏற்கெனவே இறுகிப்போன நடுத்தட்டை உள்நோக்கி நெருக்கும். நெருக்கினால் நடுப்பகுதி எங்கே போகும்? மேலே எழும்பும். அதுதான் டோம். அச்சுக்குள் எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள், அச்சே எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு அழுத்தம் கொடுத்தார்கள், வெளியே எடுத்தபின் எப்படி அடுக்கினார்கள் என்று எல்லாமே அந்த மேட்டைத் தீர்மானிக்கும். பிளாஸ்டிக் எந்த வகை, அதில் கலந்த நிறம் எது என்பதுகூட. ஒளி புகும் கெட்டிப் பிளாஸ்டிக் ஒரு விதமாகச் சுருங்கும், பிடிமானமுள்ள மென்மையான பிளாஸ்டிக் வேறு விதமாகச் சுருங்கும். வெளியே எடுத்த பிறகும் சூடு முழுக்க அடங்கும்வரை தட்டு தன் வடிவத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அச்சு செய்தவருடைய வேலை முடிந்த பிறகும் பிளாஸ்டிக்குக்குத் தன் பங்குக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. எவ்வளவு அழகான விஷயம் இது!

டோமைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதைவிட நுட்பமானது ஒன்று உண்டு: பார்ட்டிங் லைன். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விளிம்பின் மூக்கைச் சுற்றி ஓடுகிற மெல்லிய கோடு. தட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தால் அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் எங்கள் கூட்டத்தின் வேதம். கோடு உயர்ந்திருந்தால் தட்டு ஓவர்ஸ்டேபிள். வலப்பக்கம் சாய மறுக்கும், இடப்பக்கம் விழும். கோடு தாழ்ந்திருந்தால் அண்டர்ஸ்டேபிள், டர்ன் கூடும். ஆறும்போது விளிம்பு இம்மியளவு உள்ளே திரும்பினாலும் வெளியே திரும்பினாலும் அந்தக் கோடு ஏறும், இறங்கும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் எண்பது மீட்டர் தள்ளிப் போய் விழும் இடத்தில் அது பல அடிகளாகப் பெருகிவிடும்.

எனக்கு இதைக் கையில் சொல்லிக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். பழைய டிஸ்க்குகளை வாங்கி விற்கும் கடையில் ஒரு பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரே மாடலில் இரண்டை எடுத்து என் கைகளில் வைத்தார்.

"கண்ண மூடுங்க தம்பி. கட்டைவிரல் நகத்தை அடியில இருந்து மேல கொண்டு போங்க. எதுல கோடு மேல நிக்குன்னு பாத்தியளா?"

"இடது கையில இருக்கறது, அண்ணாச்சி."

"அதான் காத்துக்கு நிக்கும். மத்தது காட்டுக்குள்ள போடுறதுக்கு. ரெண்டையும் எடுத்துக்கோங்க."

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னபடியேதான் இரண்டும் பறந்தன. வீசிப் பார்க்கும் முன்பே, விரல் நுனியில், ஒரு தட்டு எப்படிப் பறக்கும் என்று தெரிந்துகொள்ள முடிகிறது என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? அதற்கப்புறம் கடைக்குப் போனால் நிறம் பார்ப்பதை விட்டேன். இரண்டு தட்டுகளை வயிற்றோடு வயிறாக ஒட்டிப் பிடித்து விளிம்பைக் கண்மட்டத்தில் பார்ப்பேன். முதுகைக் கட்டைவிரலால் அமுக்குவேன். சில மேடுகள் 'டப்' என்று உள்ளே போய்த் திரும்ப எழும்பும். தோள்பட்டையைத் தடவுவேன், அதாவது நடுத்தட்டு விளிம்பாக மாறும் அந்த வளைவை. சப்பட்டையானது வேகமாகப் போய்ச் சீக்கிரம் இறங்கும், மேடுள்ளது மிதக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் மேடும் கோடும் வேறு வேறு கதை சொன்னால் நான் கோட்டைத்தான் நம்புவேன். இது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு, அவர்களோடு விடிய விடியப் பேசவும் நான் தயார்.

இதில் உச்சக்கட்ட இன்பம் இன்னோவாவின் ராக். 1980-களிலிருந்து இருக்கும் மிட்ரேஞ்ச். பழைய ராக்குகளின் அடிப்பக்கத்தில் கம்பெனியின் ஊர் பொறித்திருக்கும்: சில அச்சுகளில் சான் மரீனோ, சிலவற்றில் ஆன்டாரியோ, சிலவற்றில் ராஞ்சோ குகமாங்கா. ஊர் மாறினால் அச்சு மாறியது என்று பொருள். அச்சு மாறினால் பிடியும் பறப்பும் மாறின. அதனால் ஆட்டக்காரர்கள் ராக் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, ஊரையும் சேர்த்தே சொல்கிறார்கள். இதற்கு மேல் கென் கிளைமோ. பன்னிரண்டு முறை உலகச் சாம்பியன். அவர் பட்டம் வெல்ல வெல்ல, அவர் பெயர் பொறித்த தட்டுகளில் அந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது: 10, 11, 12. வெறும் முத்திரைதானே என்று நினைக்கக்கூடாது. அந்த எண்தான் தட்டு எந்தக் காலத்தில் வார்த்தது, எந்தப் பிளாஸ்டிக் என்பதற்கு அடையாளம். 11 பொறித்த டீபேர்டுக்கும் 12 பொறித்த ஏவியார் என்ற தட்டுக்கும் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. அப்படி ஒரு பழைய ராக் அழுக்குப் பெட்டிக்குள்ளிருந்து கைக்குச் சிக்கியபோது நான் கடைக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

அச்சிலிருந்து வந்தபிறகு நிகழும் மாற்றம் இன்னொரு அத்தியாயம். கிரிக்கெட்டில் புதுப்பந்து ஒரு விதமாகவும் நாற்பது ஓவர் தேய்ந்த பந்து வேறு விதமாகவும் திரும்புமே, அதேதான் இங்கேயும். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு கல்லும் விளிம்பில் கொஞ்சம் கொத்துகிறது. தட்டு மெல்ல மெல்ல அண்டர்ஸ்டேபிள் பக்கம் நகர்கிறது. விலை குறைந்த டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் இது சீக்கிரம் நடக்கும், சாம்பியன் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஆண்டுக்கணக்காகும். பலர் கெட்டியானதையே வாங்குவார்கள். என் ஓட்டு டிஎக்ஸுக்குத்தான். புதிதாக ஒரு ராக், ஒரு வருடம் அடிபட்ட ராக், பல வருடம் அடிபட்ட ராக் என்று மூன்றை வைத்துக்கொண்டால், ஒரே பிடியில், ஒரே வீச்சில், இடம், நேர், வலம் மூன்றும் கைவசம். விரல்களுக்குப் புதிதாக எதையும் பழக்க வேண்டாம். கடைசித் தட்டு ஓய்வு பெறும்போது நடுவில் இருந்தது அதன் இடத்துக்கு வரும், புதிது ஒன்று உள்ளே நுழையும். முற்காலச் சாம்பியன்கள் ஒரே மாடலைப் பல பதங்களில் வைத்துக்கொண்டு காடு மலையெல்லாம் ஜெயித்தார்கள். அதன் சுகம் தெரிந்தவர்கள் மாறமாட்டார்கள்.

இவ்வளவு சொன்னபிறகு மறுபக்கத்துக்கு வருகிறேன். அதுவும் எனக்கு அதே அளவு பிடிக்கும். மார்லெட்டில் எம்விபி என்ன செய்கிறார்கள் தெரியுமா? நடுப்பகுதியை ஒரு பிளாஸ்டிக்கில் வார்த்து, அதன் மேல் விளிம்பை வேறொரு, கனமான பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். எடை வெளிவிளிம்புக்குப் போய்விடுவதால் சுழற்சி நீடிக்கிறது. கைரோ என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். இரண்டு பிளாஸ்டிக், இரண்டு தடவை வார்ப்பு, இரண்டு தடவை சுருக்கம். தப்பு நேர இரட்டிப்பு வாய்ப்பு. அப்படியிருந்தும் இந்தக் கம்பெனியின் சகோதரப் பெயரான ஆக்ஸியம் முத்திரையோடு வரும் என்வி என்கிற புட்டரை எத்தனை எடுத்தாலும் என் கட்டைவிரல் நகம் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது. இரண்டு பிளாஸ்டிக் சேரும் அந்த விளிம்புத் தையலில் விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டுப்படாது. ஒரு என்வி ஏரிக்குள் போனால் மனசு வலிக்கும், ஆனால் ஆட்டம் பிசகாது. மறுநாள் இன்னொன்று வாங்கி, அதே கோட்டில் வீசலாம். இந்தச் சீர்மையைக் கைவரவழைக்கத் தொழிற்சாலைக்குள் எத்தனை பேர் எத்தனை நுணுக்கமாக வெப்பத்தையும் நேரத்தையும் பிடித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

என்வி என்றதும் 2021 ஜூன் மாதம் யூட்டாவின் ஆக்டனில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கூடை. பால் மெக்பெத் ஒரு வீச்சு முன்னால். அவரைச் சமன் செய்ய ஜேம்ஸ் கான்ராடுக்கு ஒரே வழிதான்: ஏறக்குறைய 75 மீட்டர் தூரத்திலிருந்து நேராகக் கூடைக்குள் போட வேண்டும். தொள தொள தலைமுடியும் தாடியுமாக அந்த மனிதர் கையில் எடுத்தது ஒரு என்வி. வீசினார். தட்டு வளைந்து வந்து சங்கிலியில் பாய்ந்தது. கூட்டத்தின் கூச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது, காணொளியைத்தான் பார்க்க வேண்டும். பிறகு பிளேஆஃபிலும் அவரே வென்றார். பெரும்பாலானவர்கள் அதில் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிவது வேறு: அந்தத் தூரத்தில், அந்த நெருக்கடியில், 'இது இங்கே இந்த அளவு சாயும்' என்று தயங்காமல் நம்பக்கூடிய ஒரு தட்டு கையில் இருந்தது.

தட்டின் குணத்தைச் சீதோஷ்ணமும் தொட்டுப் பார்க்கும். எதிர்க்காற்றில் எல்லாத் தட்டும் வலப்பக்கம் கூடுதலாகச் சாயும்; கென்சிங்டன் பூங்காவின் ஏரிப்பக்கமிருந்து காற்று வரும்போது, கோடு உயர்ந்த அந்த நீலப் பஸ்ஸ்ஸ்தான் எனக்குத் துணை. பின்காற்றில் கதை தலைகீழ். மேடுள்ள இளஞ்சிவப்பு அதில் மிதந்து போகும் அழகே அழகு. கொலராடோ போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால், கீழே நேராகப் பறந்த தட்டு அங்கே பிடிவாதமாக இடப்பக்கம் விழும். மிச்சிகன் குளிரில் கெட்டிப் பிளாஸ்டிக் இன்னும் கெட்டிப்பட்டு விரலில் வழுக்கும். அப்போது டிஎக்ஸ் ராக்குகளுக்கு மறுபடியும் ராஜயோகம். வெள்ளைப் பனிக்குள் தட்டு மூழ்கிப்போகாமல் இருக்க அடியில் ஒரு நீள ரிப்பனை ஒட்டிவிட்டு வீசுவோம். பனிக்குள்ளிருந்து சிவப்பு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இழுத்துத் தட்டை எடுத்துக்கொள்வோம். உறைபனியிலும் ஆடுகிறோமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், முழங்கால் பனியிலும்!

புதிதாக வருகிறவர்கள் எது வாங்கலாம் என்று கேட்டால், வேகம் 12 டிஸ்ட்ராயரைக் காட்டமாட்டேன். அதற்குரிய கைவேகம் வரும்வரை அது இடப்பக்கம் விழுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஒரு புட்டர், ஒரு பஸ்ஸ்ஸ் அல்லது ராக், ஒரு லெப்பர்ட். போதும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இரண்டாந்தரப் பெட்டியைக் கிளறுங்கள். முத்திரை கோணலாக விழுந்ததற்காகவோ நிறம் சரியாகக் கலக்காததற்காகவோ ஒதுக்கிய தட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்னோவாவில் எஃப்2 என்று குறித்திருக்கும். காற்றுக்கு முத்திரையும் தெரியாது, நிறமும் தெரியாது. அதே மாடலில் நாலைந்தை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக் கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். கடைக்காரர் தப்பாக நினைக்கமாட்டார், அவரும் இதைத்தான் செய்கிறவர். அஞ்சலில் வாங்கினால் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள், சந்தோஷமாக அனுப்புவார்கள். எடையையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், அடியில் பேனாவால் எழுதியது ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருக்கும்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். வாங்கிய தட்டைத் திறந்த வெளியில் வீசும்போது, விரல் விட்ட கணத்திலிருந்து தரை தொடும்வரை 'இதுதான், இதுதான்' என்று மனசு சொன்னால், காரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போங்கள். அதே பிளாஸ்டிக், அதே முத்திரை, முடிந்தால் அதே நிறம், கோடு அதே உயரம் பார்த்து இன்னொன்றை வாங்கி வையுங்கள். அடுத்த ரன், அதாவது அடுத்த தொகுதி வார்ப்பு, வரும்போது அச்சின் சூடு மாறியிருக்கும், பிளாஸ்டிக் மாறியிருக்கும், அதே பெயரில் வேறொரு தட்டு வந்திருக்கும். அதையும் நான் ஆசையாக வாங்குவேன், அது வேறு விஷயம். அந்த இளஞ்சிவப்பு பஸ்ஸ்ஸுக்கு என் அலமாரியில் ஒரு ஜோடி இருக்கிறது. அதே ரன், கோடும் மேடும் அச்சு அசல், இன்னும் ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை. பையில் இருப்பது விளிம்பு சிலும்பி வலப்பக்கம் சாயத் தொடங்கியதும் அலமாரியில் இருப்பதை இறக்குவேன். சாயத் தொடங்கியது வெள்ளைக்குப் பதிலாகப் போகும். வெள்ளையை அண்ணாச்சி இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.